ஐந்து வாரத்து விசில் சத்தம்

என்ன வேலை செய்கிறாய் என்று கேட்பவர்களுக்கு முன்பெல்லாம் பொறுமையாக விளக்கிக்கொண்டிருப்பேன். இப்போது "சத்தம் அளக்கிறேன்" என்று சொல்லி முடித்துவிடுகிறேன். "அதுக்குமா ஆள் வெச்சிருக்காங்க?" என்று ஈப்போ கல்யாண மண்டபங்களில் எத்தனையோ சொந்தக்காரர்கள் வாயைப் பிளந்திருக்கிறார்கள். வைத்திருக்கிறார்கள். சம்பளமும் தருகிறார்கள். சாப்பிடுகிற வாயை மூடிக்கொண்டு சாப்பிடுங்கள் என்று சொல்லத் தோன்றும். சொல்லியும் இருக்கிறேன். அதனால்தான் இப்போது பத்திரிகை வைக்க வருகிறவர்கள் குறைந்துவிட்டார்கள்.

லாரியோ காரோ, எஞ்சினுக்குள் காற்றைத் திணிக்க டர்போ என்று ஒரு கருவி இருக்கும். புகை வெளியேறுகிற வேகத்தில் ஒரு சக்கரம் சுற்றும். அதே தண்டின் மறுமுனையில் இன்னொரு சக்கரம் சுற்றிக் காற்றை உள்ளே தள்ளும். உள்ளங்கையில் அடங்கிவிடுகிற சக்கரம்தான், ஆனால் நிமிடத்துக்கு லட்சம் சுற்றுவரை போகும். அந்த வேகத்தில் சுற்றுவது சும்மா இருக்குமா? விசிலடிக்கும், சீறும், சில நேரம் மூச்சு முட்டினாற்போல் இருமும். எஞ்சினிலிருந்து வரும் சத்தத்தில் கொஞ்சத்தை வழியிலேயே மடக்கிப் போடவும் செய்யும். எந்தச் சத்தம் எவ்வளவு என்று அளந்து தாளில் எழுதிக் கொடுப்பது என் பாடு.

எங்கள் ஆலை மலேசியாவில், ஈப்போவிலிருந்து கோலா கங்சார் போகும் பக்கம், முன்பு ரப்பர்த் தோட்டமாக இருந்த நிலத்தில் இருக்கிறது. நான் பிறந்த தோட்டமும் அங்கேதான். தொழிலாளர் வரிசை வீடுகளான லயம் இருந்த இடத்தில் இப்போது டைல்ஸ் கிடங்கு. "தெனமும் அத தாண்டி போறியே, மனசு கஷ்டமா இல்ல?" என்பார்கள். இல்லை. எங்கள் லயத்து வீட்டில் ஒழுகாத மூலை ஒன்றுகூடக் கிடையாது. டைல்ஸுக்காவது நல்ல கூரை கிடைத்திருக்கிறது.

என் அறையில் எஞ்சின் இல்லை. அழுத்திய காற்றை விட்டு டர்போவைச் சுற்ற வைப்பேன். அதன் வாயிலிருந்து நீளமான இரும்புக் குழாய் ஒன்று போகும். குழாயின் சுவரில் ஒரு சாண் இடைவெளியில் இரண்டு மைக். ஏன் இரண்டு என்றால், ஒரு மைக்கை வைத்துக்கொண்டு சத்தம் எவ்வளவு என்று சொல்லலாமே தவிர, எந்தப் பக்கமிருந்து வந்தது என்று சொல்ல முடியாது. டர்போவிலிருந்து கிளம்பிப் போகிற சத்தமும் குழாயின் கடைசியிலிருந்து திரும்பி வருகிற சத்தமும் உள்ளே கலந்துதான் கிடக்கும். முதல் மைக்கை எது முன்னால் தொட்டது, இரண்டாவதை எது முன்னால் தொட்டது என்று பார்த்து, போகிறது இது, வருகிறது இது என்று கணினி பிரித்துத் தரும். குழாயின் கடைசியில் பஞ்சு அடைத்த பெட்டி இருக்கும். அதைத் தாண்டி, காற்று கூரைக்குப் போய்விடும்.

கதவுக்கு வெளியே ஒரு சிவப்பு விளக்கு. அது எரிந்தால் யாரும் உள்ளே வரக் கூடாது. அந்தச் சட்டத்தைப் போட்டது நான்தான். பழைய நாளில் மைக்கை அறைக்கு நடுவே நிறுத்தி அளந்தோம். அப்போது ஒருவர் செருமினாலும் கெட்டுப்போகும். மைக் குழாய்க்குள் போன பிறகு அந்தச் சட்டத்துக்கு அவசியமே இல்லை. ஆனாலும் நான் எடுக்கவில்லை. தனியாக இருந்து இருந்து, அதுவே எனக்கு வசதியாகிப்போயிருந்தது.

அதற்காகத் தனிமை எனக்குப் பிடித்தது என்று நினைக்க வேண்டாம். அம்மா போன பிறகு வீட்டில் நான் மட்டும். கல்யாணம் அமையவில்லை, அதைப் பற்றி இங்கே பேச இஷ்டமில்லை. வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஆலை வாசல் கார்டிடம் "போயிட்டு வாரேன்" என்று சொன்னால், திங்கட்கிழமை காலைவரை வேறு வார்த்தை என் வாயிலிருந்து வராமலே இருந்த வாரங்கள் உண்டு. ஞாயிற்றுக்கிழமை பசாரில் மீன்காரனிடம் விலை கேட்கும்போது தொண்டை அடைத்துக்கொண்டு குரல் கரகரக்கும். அந்தக் குரலைக் கேட்க எனக்கே பயமாக இருக்கும்.

வேலை நாளில் பேச ஓர் ஆள் இருந்தார். அவர் எனக்குப் பக்கத்து அறை. ஈப்போவின் புந்தோங் பகுதிக்காரர், என்னைவிடப் பத்து வயது சின்னவர். சக்கரங்களுக்கு பேலன்ஸ் பார்ப்பது அவர் வேலை. டர்போச் சக்கரத்தில் ஒரு பக்கம் துளி எடை கூடியிருந்தாலும் விசிலடிக்கும். எங்கே கூடியிருக்கிறது என்று எந்திரம் காட்டும். அந்த இடத்தில் எவ்வளவு தேய்த்தெடுக்க வேண்டும் என்பது கை சொல்ல வேண்டும். காற்றில் ஓடும் சின்ன கிரைண்டர் ஒன்றைப் பேனா பிடிப்பதுபோல் பிடித்துக்கொண்டு தொடுவார், எடுப்பார், தொடுவார், எடுப்பார். அவர் கையால் போன சக்கரம் திரும்பி வந்து நான் பார்த்ததில்லை.

தினமும் பத்து மணிக்குக் கொஞ்சம் முன்னால் கேண்டீனுக்குப் போய் இரண்டு பொட்டலம் தே தாரிக், நுரை பொங்க ஆற்றிய பால் டீ, வாங்கி வருவார். நான் விளக்கை அணைத்துவிட்டு வெளியே வருவேன். நடைபாதையில் நின்றபடி குடிப்போம்.

"உங்களுக்கு சீனி கொறச்சு போடச் சொன்னேன்க்கா."

"ஏன், எனக்கு சர்க்கர வியாதினு எவன் சொன்னான்?"

"வியாதிக்கு இல்லலா. உங்க வாயி ஏற்கெனவே அவ்ளோ இனிப்பு, அதான்."

நான் முறைப்பேன். அவர் சிரிப்பார். மனைவி புதிதாக வாங்கிய மிக்ஸி, மகளின் பரத நாட்டிய வகுப்பு, கோயில் கமிட்டிச் சண்டை என்று ஏதாவது சொல்லிக்கொண்டிருப்பார். அந்தப் பத்து நிமிடத்துக்காகத்தான் நான் காலையில் தலை வாரிக்கொண்டு கிளம்பினேன் என்று அப்போது யாராவது சொல்லியிருந்தால் அடிக்கப் போயிருப்பேன்.

சென்ற ஆண்டு புது மாடல் டர்போ ஒன்று வந்தது. புது வடிவத்தில் சக்கரம். எஞ்சின் ஒரு குறிப்பிட்ட வேகத்தில் ஓடும்போது விசில் இந்த அளவைத் தாண்டக் கூடாது என்று வாங்குகிறவர்கள் எழுதிக் கொடுத்திருந்தார்கள். அந்த ஒரு வேகத்தில் அளந்தால் போதும். அளந்தேன். முதல் நாள் எட்டுச் சக்கரத்தில் ஆறு அந்த அளவைத் தாண்டிவிட்டன. சீறலும் மற்றச் சத்தமும் நான் எதிர்பார்த்ததைவிடக் குறைவு. விசில் மட்டும் ஊசி போலத் தனியாக எழுந்து நின்றது. புது வடிவம் நன்றாக வேலை செய்கிறது, பேலன்ஸ்தான் சரியில்லை என்று எழுதினேன்.

மேனேஜர் சீனர், நல்ல மனிதர்தான். கூட்டம் போட்டார். இருபது பேர் இருந்தார்கள். எதனால் என்று என்னைக் கேட்டார். "பேலன்ஸ். கை வேலையில்தான் குறை" என்று மலாயில் சொன்னேன், எல்லாருக்கும் புரியும்படி. பக்கத்து அறைக்காரர் எனக்கு எதிரே உட்கார்ந்திருந்தார். முகத்தைப் பார்க்காமல் தாளைப் பார்த்துச் சொன்னேன். அளவு என்றால் அளவு. அண்ணன் தம்பி பார்த்தா எழுத முடியும்?

கூட்டம் முடிந்ததும் அவர், தோற்ற சக்கரங்களை எடுத்துக்கொண்டு போய் மறுபடி பார்த்தார். எந்திரம் சரி என்றுதான் காட்டியது. இருந்தாலும் இன்னும் நுணுக்கமாகத் தேய்த்துக் கொண்டு வந்து வைத்தார். நான் அளந்தேன். மறுபடியும் விசில். முன்பைவிடக் கொஞ்சம் அதிகம்கூட. இரண்டாவது வாரம் அவர் கேண்டீனுக்குப் போவதைக் குறைத்துக்கொண்டு தேய்த்தார். மூன்றாவது வாரம் சனிக்கிழமையும் வந்து தேய்த்தார். அவர் எவ்வளவுக்கு எவ்வளவு பாடுபட்டாரோ அவ்வளவுக்கு அவ்வளவு என் தாளில் தோற்றார்.

அந்த நாட்களில்தான் ஒரு தடவை வந்து கதவைத் தட்டினார். விளக்கை அணைத்துவிட்டுத் திறந்தேன்.

"அக்கா, நீங்க டெஸ்ட் போடுறப்ப நான் உள்ள வந்து பக்கத்துல நின்னு பாக்கவா? எங்க தப்பு வருதுனு புரியவே மாட்டேங்குது."

"ரூல் தெரியும்ல தம்பி. ஆள் நின்னா அளவு கெட்டுரும்."

"ஒரே ஒரு தடவ. மூச்சுகூட விட மாட்டேன்."

"முடியாது."

நான்கு நாள் கழித்து மறுபடியும் கேட்டார். அதே பதில்தான். மூன்றாவது தடவை கேட்டபோது, "மைக் எல்லாம் சரியா இருக்கா, ஒருக்கா பாத்தீங்களாக்கா?" என்று சேர்த்துக் கேட்டார். அவ்வளவுதான். எனக்குக் கோபம் மூக்கு நுனியில் என்பது ஊருக்கே தெரியும்.

"ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னு சொன்னாளாம். பதினாறு வருஷமா அளக்குறேன், எனக்கு மைக் பாக்கத் தெரியாதா? உன் கைய மொதல்ல பாரு."

அதுவரை அவரை நான் ஒருமையில் பேசியதில்லை. அவர் தன் கையைப் பார்த்தார். நிஜமாகவே குனிந்து பார்த்தார். பிறகு "சரிக்கா" என்று சொல்லிவிட்டுப் போனார். அதன் பிறகு தே தாரிக் வரவில்லை. நானும் போய்க் கேட்கவில்லை. எனக்கு ரோஷம்.

ஐந்தாவது வாரம் அவரை ஸ்டோரில் பெட்டி அடுக்கப் போட்டார்கள். மூன்றே நாளில் வேலையை விட்டுவிட்டார். கடைசி நாள் மத்தியானம் என் கதவருகே வந்தார். அந்த மூன்று நாளும் பழைய மாடலைத்தான் அளந்துகொண்டிருந்தேன், விளக்கு எரிந்துகொண்டிருந்தது. கதவில் இருந்த சின்னக் கண்ணாடி வழியாகப் பார்த்தேன். அவரும் விளக்கைப் பார்த்தார். கொஞ்ச நேரம் நின்றார். டர்போவை நிறுத்த எனக்கு அரை நிமிடம்கூட ஆகாது. நான் நிறுத்தவில்லை.

அவர் போன மறு வாரம், மிச்சமிருந்த சக்கரங்களை அளந்தேன். எல்லாம் தேறின. எட்டுக்கு எட்டு. மறுநாளும் அப்படியே. மேனேஜர் வந்து தாளைப் பார்த்துவிட்டு என் தோளில் தட்டினார். "பார்த்தாயா, ஆளை மாற்றினதும் சரியாகிவிட்டது" என்றார்.

எனக்குச் சந்தோஷம் வரவில்லை. ஏனென்றால் ஆளை இன்னும் மாற்றவே இல்லை. பேலன்ஸ் வேலையைப் பினாங்குப் பக்கம் ஓர் ஆலைக்குக் கொடுப்பதாகப் பேச்சுதான் நடந்துகொண்டிருந்தது. நான் அளந்த சக்கரங்கள் அத்தனையும் அவர் போகும் முன்பு தேய்த்து வைத்துவிட்டுப் போனவை.

தோற்றவற்றைப் போட்டு வைக்கும் தட்டு ஒன்று அலமாரியில் இருந்தது. அதிலிருந்து ஒன்றை எடுத்தேன். மூன்று தடவை தோற்ற சக்கரம். மாட்டி ஓட்டினேன். தேறியது. கழற்றி மறுபடி மாட்டினேன். தேறியது. இன்னொன்றை எடுத்தேன். அதுவும் தேறியது.

பழைய தாள்களை எடுத்துத் தரையில் பரப்பினேன். அந்த ஐந்து வாரத்திலும் எல்லாமே தோற்கவில்லை, நடுநடுவே சில தேறியிருந்தன. எவை தேறின என்று பார்த்தேன். சக்கரத்தின் எண்ணில் ஒற்றுமை எதுவும் இல்லை. பிறகுதான் நேரத்தைப் பார்த்தேன். மதியச் சாப்பாட்டு நேரத்தில் அளந்தவை தேறியிருந்தன. முதல் வாரத்தில், காலை பத்து மணிக்குச் சற்று முன் அளந்தவையும் தேறியிருந்தன. வெள்ளிக்கிழமை மத்தியானம் அளந்தவை ஒன்று விடாமல் தேறியிருந்தன. வெள்ளிக்கிழமை தொழுகைக்காக ஆலையில் பாதிப் பேர் பள்ளிவாசலுக்குப் போய்விடுவார்கள், மற்றவர்கள் நீளமாகச் சாப்பிடப் போவார்கள். நான் மட்டும் எங்கும் போகாமல் அளந்துகொண்டிருப்பேன். அவர் புந்தோங்குக்குப் போய் வீட்டில் சாப்பிட்டுவிட்டு வருவார்.

அவர் கிரைண்டரைப் பிடிக்காத நேரமெல்லாம் அவர் சக்கரம் தேறியிருக்கிறது.

பக்கத்து அறைக்குப் போனேன். விளக்கைப் போட்டேன். கிரைண்டர் அதன் கொக்கியில் தொங்கிக்கொண்டிருந்தது. விசையை அழுத்தி, அது அழுந்தியே இருக்கும்படி டேப் சுற்றி, மேசையில் வைத்துவிட்டு என் அறைக்கு ஓடினேன். நாற்பத்தெட்டு வயதில் அப்படி ஓடியதில்லை. திரையில் ஊசி எழுந்து நின்றது.

அவர் அறையின் உலோகத் தூசியை உறிஞ்சும் குழாயும் என் சோதனைக் காற்று வெளியேறும் குழாயும் கூரைக்குக் கீழே ஒன்றாகச் சேர்கின்றன. அது எனக்குத் தெரிந்ததுதான். கிரைண்டர் சுற்றுகிற வேகமும் நான் அளந்த அந்த ஒரு வேகமும் ஒட்டி ஒட்டி இருந்தது எனக்குத் தெரியாது. ஆனால் அப்படியே கிரைண்டர் சத்தம் என் குழாய்க்குள் இறங்கி வந்தாலும், அது வெளியிலிருந்து வருகிற சத்தம் என்றல்லவா கணினி பிரித்துச் சொல்ல வேண்டும்? அதற்குத்தானே இரண்டு மைக்? டர்போ எழுப்பிய சத்தம் என்று ஏன் சொன்னது?

குனிந்து மைக்குகளைப் பார்த்தேன். முதல் மைக்கின் வயரில் சிவப்பு டேப், இரண்டாவதில் மஞ்சள். சிவப்பு இரண்டாவது துளையில் இருந்தது. மஞ்சள் முதலாவதில் இருந்தது.

இரண்டு மைக்கும் ஒரே மாதிரி கேட்காது. ஒன்று கொஞ்சம் முந்தும், ஒன்று கொஞ்சம் பிந்தும். அந்த வித்தியாசத்தைக் கழிக்க, புது வேலை தொடங்கும் முன் இரண்டையும் இடம் மாற்றி ஒரு தடவை அளந்துவிட்டு, பழையபடி மாட்ட வேண்டும். சத்தம் அளக்கிறவர்கள் தூக்கத்தில்கூடச் செய்கிற வேலை. புது மாடல் வருவதற்கு முந்தின நாள் அம்மாவின் திதி. அரை நாள் லீவு எடுத்திருந்தேன். ஐயர் பதினொரு மணிக்கே வரச் சொல்லியிருந்தார். இடம் மாற்றினேன், அளந்தேன், பையைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். திருப்பி மாட்டவில்லை.

மைக் இடம் மாறினால் திசையும் மாறிவிடும். டர்போவிலிருந்து போனதெல்லாம் வந்ததாகவும், வெளியிலிருந்து வந்ததெல்லாம் டர்போவிலிருந்து போனதாகவும் எழுதப்படும். சீறல் குறைந்தது என்று புது வடிவத்துக்கு நான் கொடுத்த பாராட்டும் பொய். விசில் என்று அவருக்கு நான் கொடுத்த பழியும் பொய். என் பேச்சைக் கேட்டு ஒரு மனிதர் தன் வேலையைச் சரிசெய்யப் பாடுபட்டிருக்கிறார், அந்தப் பாட்டின் சத்தத்தையே பிடித்து அவர்மேல் குற்றம் எழுதியிருக்கிறேன். பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்பது என் வீட்டு வாசலிலேயே நடந்திருக்கிறது.

அவர் கேட்டபடி ஒரே ஒரு தடவை உள்ளே விட்டிருந்தால்? என் பக்கத்தில் நின்றிருப்பார். கிரைண்டர் நின்றிருக்கும். சக்கரம் தேறியிருக்கும். ஏன் தேறியது என்று அந்த நிமிடமே இரண்டு பேரும் தலையைப் பிய்த்துக்கொண்டிருப்போம். மூன்று தடவை கேட்டார். தரையில் தாள்களுக்கு நடுவே உட்கார்ந்து ஓவென்று அழுதேன். அந்த அறைக்குள் யாரும் வர மாட்டார்கள் என்பதால் வாய்விட்டு அழ முடிந்தது.

மறுநாள் மேனேஜரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். மைக்குகளைச் சரியாக மாட்டி எல்லாச் சக்கரத்தையும் மறுபடி அளந்துவிட்டேன், விசில் அளவுக்குள்தான் இருக்கிறது, சீறல் மட்டும் நாம் எழுதியதைவிடக் கூடுதல், அதுவும் பரவாயில்லை என்று தாள்களை வைத்தேன். அவர் வெகுநேரம் படித்தார். "சூடாலா" என்றார், முடிந்தது முடிந்ததுதான் என்ற அர்த்தத்தில். வாங்குகிறவர்களுக்குத் திருத்திய தாளை அனுப்பலாம், வேலையை விட்டவர் விரும்பினால் திரும்பி வரட்டும், இடம் இருக்கிறது, ஆனால் இதைப் பெரிதுபடுத்த வேண்டாம் என்றார். எனக்கு அது போதும் என்று பட்டது. இடம் இருக்கிறது என்றாரே. அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டு சனிக்கிழமை புந்தோங்குக்குக் கிளம்பினேன்.

அவர் தன் மைத்துனரின் டயர் கடையில் வேலை செய்கிறார் என்று கேள்விப்பட்டிருந்தேன். காரை நிறுத்தியதும் அவரே வந்தார். கையெல்லாம் கரி.

"வாங்கக்கா. காடிக்கு என்னா? டயரா?"

"டயர் இல்ல தம்பி. உங்ககிட்ட பேசணும்."

"பேலன்சிங்னா மச்சான கூப்புடுறேன். நான் அத தொடுறதில்ல. கழட்டி மாட்டுறது மட்டும்தான்."

"ஏன்?"

"கை போச்சுக்கா. நீங்கதானே சொன்னீங்க." குத்திக் காட்டுவதற்காகச் சொல்லவில்லை. நேரம் என்ன என்று கேட்டால் சொல்வதுபோலச் சொன்னார். "மொதல்ல நம்பல. அப்பறம் அஞ்சு வாரம் பாத்தேன். எந்திரம் சரினு சொல்லுது, உங்க ஷீட்டு இல்லனு சொல்லுது. பதினாறு வருஷ அளவு பொய் சொல்லாதுனு நானே முடிவு பண்ணிட்டேன்."

நின்றபடியே சொன்னேன். கிரைண்டர், கூரைக் குழாய், திதி அன்று நான் மாட்டாமல் விட்ட மைக், எல்லாவற்றையும். அவருக்கு விளக்கம் தேவைப்படவில்லை, பாதியிலேயே புரிந்துவிட்டது. கையில் இருந்த துணியால் விரல் விரலாகத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"அப்ப, அன்னிக்கு நான் உள்ள வந்து நின்னிருந்தா?"

"நின்னிருந்தா அந்தச் சத்தமே வந்திருக்காது தம்பி."

அவர் துடைப்பதை நிறுத்தினார். ஏதாவது திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டியிருக்கலாம், எனக்கு அது வேண்டியிருந்தது.

"என் பொண்டாட்டி நான் குடிக்க ஆரம்பிச்சுட்டேன்னு நெனச்சாக்கா. கை நடுங்குதோனு ராத்திரி சாப்புடுறப்ப என் கையவே பாத்துக்கிட்டு இருப்பா."

"மன்னிச்சிருங்க தம்பி. வேலைக்கு வாங்க. உங்க இடம் அப்படியே இருக்கு. மேனேஜர்கிட்ட பேசிட்டேன்."

"அன்னிக்கு இருவது பேரு முன்னுக்கு சொன்னீங்க, என் கை சரியில்லனு. இப்ப எனக்கு மட்டும் தனியா வந்து சொல்றீங்க."

ஒரு கார் உள்ளே வந்தது. அவர் ஜாக்கியை எடுத்துக்கொண்டு அதன் பக்கம் போய்விட்டார்.

திங்கட்கிழமை மதியம் கேண்டீனில் எல்லாரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது எழுந்து நின்றேன். மேனேஜரும் ஒரு மேசையில் இருந்தார். மலாயில் சொன்னேன், அன்று சொன்னது போலவே எல்லாருக்கும் புரியும்படி. அவர் வேலையில் குறை இல்லை. குறை என் அளவில். மைக்கை மாற்றி மாட்டியது நான். அவர் கேட்டபோது கதவைத் திறக்காததும் நான். சொல்லி முடித்தபோது மேனேஜர் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். பேக்கிங் பகுதியில் இருக்கும் மலாய் அக்கா ஒருவர் மட்டும் "கெசியான்" என்றார். பாவம் என்று அர்த்தம். அவரைச் சொன்னாரா என்னைச் சொன்னாரா என்று நான் கேட்கவில்லை. என் தட்டைக் கழுவி வைத்துவிட்டு அறைக்குப் போனேன்.

அன்று மாலை வீட்டில் செருப்பைக் கழற்றும்போது ஃபோனில் அவர் செய்தி வந்தது. ஆலையில் யாரோ அதற்குள் சொல்லியிருக்கிறார்கள்.

"கேள்விப்பட்டேன்க்கா. எல்லார் முன்னுக்கும் சொன்னீங்களாம். நன்றி. வீட்லயும் சொல்லிட்டேன். மச்சான் கடைல இன்னைக்கி நாலு காடிக்கு பேலன்ஸ் நான்தான் பாத்தேன். வேலைக்கு வரல, தப்பா நெனச்சுக்காதீங்க."

வாசலிலேயே உட்கார்ந்துவிட்டேன். அவர் கை அவருக்குத் திரும்பக் கிடைத்துவிட்டது. அதற்காகத்தான் புந்தோங்குக்குப் போனேன், அதற்காகத்தான் கேண்டீனில் எழுந்து நின்றேன் என்று நானும் நம்பிக்கொண்டிருந்தேன். அப்படியானால் எனக்குச் சந்தோஷம்தானே வந்திருக்க வேண்டும்? "வேலைக்கு வரல" என்ற இடத்தில்தான் என் கண் நின்றது. முதலில் வந்தது அவர்மேல் கோபம். இவ்வளவு செய்த பிறகும் வர மாட்டாயா என்று. என் லட்சணம் அது. அவர் பக்கத்து அறைக்கு வர வேண்டும், எனக்குப் பேச ஆள் வேண்டும், அதற்குத்தான் நான் அத்தனையும் செய்திருக்கிறேன். அவருக்கு வேண்டியது கிடைத்துவிட்டது, இனி நான் அவருக்குத் தேவையில்லை.

"சரி தம்பி" என்று எழுதி அனுப்பினேன். ஒரு நாள் டயர் மாற்ற வருகிறேன் என்று அதற்குக் கீழே எழுதினேன். என் காரின் டயர் நான்கும் புதியவை. அந்த வரியை அனுப்பாமல் அழித்துவிட்டேன்.